‘அட்’, ‘ஆன்’, ‘இன்’: பாடாலூரில் ஆங்கில நேரம்

1

அப்பாயிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் பாடாலூர் நிறுத்தத்தில் திருச்சி பஸ் எப்போது வரும் என்பது தெரியும். ‘பெரம்பலூரான் போயி ஒரு வெத்தல போட்டு மெல்லுற நேரத்துல வந்துரும்டா’ என்பாள். வந்துவிடும். அதே வருஷங்களில்தான், நான் படித்த பள்ளியில் (அதன் பெயர் இங்கே அவசியமில்லை) ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதிப் போட்டு உருப்போடச் சொன்னார்: அட், ஆன், இன். மணிக்கு ‘அட்’. கிழமைக்கு ‘ஆன்’. மாதத்துக்கும் வருஷத்துக்கும் ‘இன்’. ‘ஆன் ஃபைவ் ஓ க்ளாக்’ என்று சொன்னதற்காக ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றேன். மணிக்கு ஏன் ‘ஆன்’ வரக்கூடாது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: ‘இங்கிலீஷ்காரன் அப்படித்தாண்டா பேசுவான்.’

அந்தப் பதிலை ஒரு வரலாற்றுக் கேள்வியாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இங்கிலீஷ்காரன் ஏன் அப்படிப் பேசுகிறான்? அவன் பேசியபடி நாம் பேச ஆரம்பித்தபோது நம்முடைய பொழுதுக்கு என்ன ஆனது? இது இலக்கணப் பிரச்சினை மட்டுமல்ல. யாருடைய நேரம் எண்ணப்படுகிறது, யாருடைய நேரம் எண்ணப்படாமல் போகிறது என்கிற அதிகாரப் பிரச்சினையும் கூட.

2

ஆங்கிலத்தின் அன்றாட நேரச் சொற்றொடர்கள் காலத்தை இடமாகப் பார்க்கின்றன. ‘அட்’ ஒரு புள்ளி. ‘ஆன்’ ஒரு பரப்பு. ‘இன்’ ஒரு பெட்டி. புள்ளி பரப்புக்குள், பரப்பு பெட்டிக்குள். தமிழில் ‘அஞ்சு மணிக்கு’ என்கிறோம். நான்காம் வேற்றுமை. ஊருக்கு, உனக்கு என்பதில் வருகிற அதே ‘கு’. நேரம் என்பது நாம் நிற்கும் புள்ளியல்ல, போய்ச் சேரும் திசை. ‘நேரத்தோட வந்துடு’ என்கிறபோது அது கூடவே நடந்து வரும் துணையாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஆன் டைம்’ (குறித்த கணத்தில்), ‘இன் டைம்’ (காரியம் கெடுவதற்குள்) இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாத்தியார் அரைமணி நேரம் விளக்கினார். ‘நேரத்துக்கு’, ‘நேரத்தோட’ என்று இரண்டு சொல்லில் அப்பாயி அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது.

இன்னும் சில. ஐந்தே முக்கால் என்பது நமக்கு ஐந்தும் முக்காலும் சேர்ந்தது; கைக்கு வந்து சேர்ந்ததைக் கூட்டுகிறோம். ஆங்கிலேயன் அதையே ஆறுக்குக் கால்மணி குறைவு என்கிறான், வராததைக் கழிக்கிறான். கூப்பிட்ட குரலுக்கு உள்ளிருந்தபடியே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். இன்னும் எழுந்திருக்கவே இல்லை, ஆனால் இறந்த காலம். விரைவும் உறுதியும் இருந்தால் வருங்காலத்தை இறந்த காலத்தால் சொல்லலாம் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் பிழையாக அல்ல, மரபாகவே பதிவு செய்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் காலம் மயங்குகிறது, ஆனால் எங்கே என்று பாருங்கள். ‘ரயில் நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறது’ என்பதை அவர்கள் நிகழ்காலத்தில் சொல்கிறார்கள். மனிதன் செய்யப்போவதற்கு ‘வில்’ வேண்டும். கால அட்டவணை செய்யப்போவதற்கு அது வேண்டியதில்லை. அட்டவணை எப்போதுமே நிகழ்காலத்தில் இருக்கிறது. நம் மொழியில் அவசரத்துக்குக் கிடைத்த சலுகை அங்கே அட்டவணைக்குக் கிடைத்திருக்கிறது.

முக்கியமான வித்தியாசம் வினைச்சொற்களில் உள்ளது. ஆங்கிலத்தில் நேரம் வைத்திருக்கலாம், கொடுக்கலாம், எடுக்கலாம், சேமிக்கலாம், செலவழிக்கலாம், திருடலாம். அது உடைமை. நேரமே பணம் என்று இளம் வியாபாரிக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அறிவுரை எழுதியது 1748இல். இத்தகைய உருவகங்கள் அலங்காரமல்ல, சிந்தனையின் சட்டகமே அவைதான் என்று லேக்காஃபும் ஜான்சனும் 1980இல் வாதிட்டார்கள். தமிழில் நேரம் தானாக ‘ஆகிறது’. பொழுது தானாகப் ‘போகிறது’. பொழுது என்றால் சூரியனும்தான். ‘எனக்கு நேரமில்லை’ என்கிறபோதும் எழுவாய் நேரமே ஒழிய நானல்ல. ‘அவனுக்கு நேரம் சரியில்லை’ என்றால் விதி. செத்தவரைக் ‘காலமானார்’ என்கிறோம், அவரே காலமாக ஆகிவிட்டார். இந்த மொழிக்குள்தான் ‘நேரத்தைச் செலவிடு’, ‘நேரத்தை மிச்சப்படுத்து’ என்கிற வாக்கியங்கள் பாடப்புத்தகம் வழியாகவும் ஆபீஸ் வழியாகவும் வந்து உட்கார்ந்தன. இன்று அவை தமிழாகவே ஒலிக்கின்றன.

3

இந்த இடத்தில் ஒரு பழம்பெருமைக் கதையாடலுக்குள் வழுக்கி விழுவது சுலபம். ஆங்கிலேயன் வருவதற்கு முன் தமிழன் இயற்கையோடு இயைந்த காலத்தில் வாழ்ந்தான், கடிகாரம் வந்து அதைக் கெடுத்தது என்று. அப்படியெல்லாம் இல்லை. நாளை அறுபது நாழிகையாக, நாழிகையை அறுபது விநாழிகையாக (ஒரு நாழிகை 24 நிமிஷம்) வகுத்த சமூகம் இது. அரசனின் பாசறையில் கன்னல் நீரைப் பார்த்துப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கர் முல்லைப்பாட்டில் வருகிறார்கள். நுட்பமான நேரம் இருந்தது. அது அரண்மனையில் இருந்தது, கோயிலில் இருந்தது, பஞ்சாங்கம் வைத்திருந்தவர் கையில் இருந்தது. குறளின் ‘காலமறிதல்’ அதிகாரம் பகையை வெல்லக் காலம் பார்க்கும் வேந்தனுக்குத்தானே தவிர அவன் வயலில் நின்றவனுக்கு அல்ல.

வயலில் நின்றவனிடம் இருந்தது வேறு கணக்கு. வெள்ளி முளைக்க, கோழி கூப்பிட, ஏர் பூட்ட, கஞ்சி வேளை, பொழுது சாய, விளக்கு வைக்க. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘பொழுது சாயுற வரைக்கும்’ என்பதில் பொழுது எப்போது சாய்ந்தது என்று தீர்மானித்தது யார்? வெங்காயக் காட்டில் குனிந்து கிடந்த என் அப்பாயி நிமிர்ந்து மேற்கே பார்த்தால், வரப்பில் நின்ற ஆள் ‘இன்னும் பொழுது கெடக்கு’ என்பான். சூரியன் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. அதைப் படித்துச் சொல்கிற உரிமை பொதுவாக இல்லை. இயற்கைக் காலம் என்று நாம் உருகுவது பல நேரங்களில் வரப்பில் நின்றவனின் காலம்தான்.

4

‘மணி’ என்கிற சொல்லையே கவனியுங்கள். ‘மணி என்ன?’ என்று கேட்பது உண்மையில் ‘எத்தனை முறை அடித்தார்கள்?’ என்று கேட்பதே. நேரத்தைப் பார்ப்பதற்கு முன் நாம் அதைக் கேட்டோம், அதுவும் வேறு யாரோ அடிக்க. ஜெயிலைப் பற்றிய கிண்டலில் ‘மணியடிச்சா சோறு’ என்று வருவது தற்செயல் அல்ல. ஆங்கிலத்தின் ‘ஓ க்ளாக்’ என்பதும் ‘கடிகாரத்தின்படி’ என்பதன் சுருக்கமே; சூரியன்படி அல்ல என்கிற மறுப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

யாருடைய கடிகாரம்? கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியல் ஆய்வுக்கூடம் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் லத்தீனில் மட்டுமல்ல, தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவனும் பிரிட்டிஷாரின் தயாளத்தை அறிய வேண்டும் என்பது நோக்கம். நம் மொழியில் நம்மைப் பார்த்துப் பேசிய முதல் ஆங்கில நேரச் சொற்றொடர்களில் அதுவும் ஒன்று எனலாம். கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து ‘மெட்ராஸ் டைம்’ என்பதற்கு அடித்தளமிட்டார். பிறகு ரயில்வே அதை இந்தியா முழுக்க எடுத்துப்போனது. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்கு தீர்க்கரேகையின் நேரம் இந்திய நேரமானது. சென்னைக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷ வித்தியாசம், பெரிய சத்தமில்லை. பம்பாய்க்கு 39 நிமிஷம். அங்கே 1906 ஜனவரியில் ஜேக்கப் சாஸூன் ஆலைத் தொழிலாளர்கள் புதிய நேரத்துக்கு எதிராக வேலையை நிறுத்தினார்கள். இருட்டில் எழுந்து வரவேண்டியவர்கள் அவர்கள்தானே. பம்பாய் தன் நேரத்தை முழுக்கக் கைவிட 1955 வரை ஆனது. உலகப் போருக்காக 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை மொத்த இந்தியாவின் கடிகாரத்தையும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சூரியனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

பாடாலூருக்கு ரயில் வரவில்லை. பெரம்பலூரிலும் இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் 1920களின் கடைசியில் அரியலூர் வழியாகப் போய்விட்டது. எங்களுக்கு நேரம் தார்ச்சாலை வழியாக, பஸ்ஸின் ‘டைமிங்’ ஆக வந்தது. ‘இந்த வண்டிக்கு டைம் ஆயிருச்சு, அந்த வண்டிக்கு டைம் இல்ல’ என்று கண்டக்டர்கள் சண்டை போட்டுக்கொண்ட சாலையோரத்தில்தான் ‘டைம்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டிருப்பேன்.

இன்னொரு வழி, சிவகாசி நாள்காட்டி. ராகுகாலம் பகல் பொழுதை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பகல் நீண்டால் அதுவும் நீள வேண்டும், விடியல் தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போக வேண்டும். ஆனால் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று வருஷம் முழுக்க, ஊர் ஊருக்கு ஒரே அச்சு. சூரியன் தினமும் சரியாக ஆறு மணிக்கு உதிப்பதாகக் கணக்கு. பாடாலூர் உச்சி வெயில் இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய பதினைந்து நிமிஷம் பின்தங்கி வருகிறது என்பது ராகுவுக்கே தெரியாமல் போயிற்று. நவீனத்துக்கு எதிராக நாம் பத்திரப்படுத்தி வைத்திருப்பதாக நம்பும் ‘மரபான நேரம்’ காலனிய நேரத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு சுவரில் தொங்குகிறது.

5

அப்படியானால் கடிகாரம் வெறும் விலங்குதானா? ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலைக் கடிகாரத்தை எதிர்த்த முதல் தலைமுறைக்குப் பின் வந்த தொழிலாளர்கள் அதே கடிகாரத்தைக் கையில் எடுத்து வேலைநேரத்துக்காகப் போராடினார்கள் என்று காட்டினார். நேரத்துக்கு எதிராக அல்ல, நேரத்தைப் பற்றி. இங்கும் அதுதான் நடந்தது. 1881இன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி நேர வேலை என்று ‘கருணை’ காட்டியது. 1891இல் பெண்களுக்குப் பதினொரு மணி. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்கள் வைத்த முதல் குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அரைமணி போதவில்லை என்பது. புரட்சி சில சமயம் பத்து நிமிஷத்தில் தொடங்குகிறது. 1923இல் சிங்காரவேலர் மே தினத்தை சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். 1948 சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றது.

வெங்காயக் காடு அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒன்று நடந்தது. யாரோ ஒருவர் டிரான்சிஸ்டர் வாங்கினார். திருச்சி வானொலியில் சாயங்காலச் செய்தி ஆரம்பித்ததும் ‘நியூஸ் போட்டாச்சு, ஏறுவோம்’ என்று பெண்கள் காட்டைவிட்டு ஏற ஆரம்பித்தார்கள். வரப்பில் நின்றவன் சூரியனோடு வாதாடலாம். ரேடியோவோடு வாதாட முடியவில்லை. ‘அவன் சொல்ற பொழுது இல்ல, ரேடியோ சொல்ற மணி’ என்று அப்பாயி சொன்னபோது அவள் குரலில் இருந்த தெம்பை நான் எந்தத் தத்துவப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. காலனியம் கொண்டுவந்த ஒருபடித்தான, வெறுமையான காலம் என்று நாம் விமர்சிக்கிற அதுவே, சாதிப் பொழுதிலிருந்து அவளுக்கு வெளியேறும் வழியாகவும் இருந்தது. இந்த முரணை அவிழ்த்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை முரணாகவே வைத்திருப்பதுதான் நேர்மை.

ஏனென்றால் அந்த வழி திரும்பத் திரும்ப அடைக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் ‘ஃப்ளெக்ஸிபிள்’ நேரம். வளைவது நேரம் என்பார்கள், வளைவது முதுகு. அதே 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் நேரமும் இடமும் பதிந்த படத்தைக் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று செல்போனில் எடுத்து ஏற்றுவது கட்டாயமானது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் மண் வெட்டியவள் படம் ஏறவில்லை என்றால் அவள் வரவே இல்லை. உழைப்பு நடந்தது, ‘டைம்’ நடக்கவில்லை. வரப்பில் நின்றவன் இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டான்.

6

ஆங்கிலத்தின் நேரச் சொற்றொடர்களில் இந்த மண்ணை மிக ஆழமாகக் காயப்படுத்தியவை கடிகாரத்தில் இல்லை, சட்டத்தில் இருந்தன. அன்றாட ஆங்கிலத்தின் சின்னச் சொற்களான ‘ஃபார்’, ‘டில்’, ‘அஸ் லாங் அஸ்’ – இத்தனை காலத்துக்கு, அதுவரைக்கும், வேண்டும் மட்டும் – இவற்றின் மேல்தான் ஒரு மொழிப் போராட்டமே நடந்தது.

அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை கொடுத்தது. 1950 ஜனவரி 26இலிருந்து எண்ணினால் 1965 ஜனவரி 26. தவணை முடியும் நாள் என்றால் என்ன என்று கூலிக்காரக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1959இல் நேரு நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குறுதி தந்தார்: மக்களுக்கு வேண்டும் மட்டும் ஆங்கிலம் நீடிக்கும், வேண்டுமா என்று தீர்மானிப்பது இந்தி பேசாதவர்கள். 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது ஆங்கிலம் ‘நீடிக்கலாம்’ என்றிருந்தது, ‘நீடிக்கும்’ என்றில்லை. மாநிலங்களவையில் அண்ணா அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ‘மே’ என்பதில் நாளைக்கு இருக்காமலும் போகலாம் என்கிற எதிர்காலம் இருக்கிறது. துணைவினை ஒன்றுக்குள் ஒரு தலைமுறையின் வேலைவாய்ப்பு தொங்கியது.

1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்துக்கு முன் தன்னைக் கொளுத்திக்கொண்ட சின்னசாமி கீழப்பழுவூர்க்காரர். அரியலூர்ப் பக்கம், எங்களுக்கு அடுத்த சீமை. சரியாக ஓராண்டு கழித்து 1965 ஜனவரி 25இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் அளவில் செத்தார்கள். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது வந்து உட்கார்ந்த சொல் ‘அன்டில்’: இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அத்தனையும் தீர்மானம் போடும்வரை. பதினைந்து வருஷம் என்கிற கெடு, ‘அதுவரைக்கும்’ என்கிற திறந்த வாக்கியமாக மாறியது. நாம் இன்றும் அந்த ‘அதுவரைக்கும்’ என்பதற்குள்தான் வாழ்கிறோம்.

இதில் உள்ள முரண்நகையைச் சொல்லாமல் விட முடியாது. தமிழுக்காக உயிர் கொடுத்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்தவற்றில் ஆங்கிலத்தின் ஆயுளும் ஒன்று. நான் பெஞ்சு மேல் நின்றது அந்த ஆயுளுக்குள்தான். அந்தத் தியாகத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ‘அட்’டுக்கும் ‘ஆன்’னுக்கும் வித்தியாசம் தெரியாதவன் பெஞ்சு மேல் நிற்க வேண்டும் என்பதற்காகவா அவர்கள் எரிந்தார்கள்? ‘டூ இயர்ஸ்’ முன்னால் ‘ஃபார்’ போட வேண்டிய இடத்தில் ‘சின்ஸ்’ போட்டதற்காக இன்டர்வியூவில் சிரிக்கப்பட்ட பெரம்பலூர்ப் பிள்ளைகளை நான் அறிவேன். ‘ரெண்டு வருஷமா’ என்பதில் தொடக்கமும் நீட்சியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அதைத்தான் அந்தப் பிள்ளை சொன்னது. அது பிழையல்ல, வேறொரு கணக்கு. அது பிழை என்று தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

7

பாடாலூரிலிருந்து கிழக்கே போனால் ஊட்டத்தூர். அதைத் தாண்டினால் காரை. செம்மண்ணும் சாம்பல் மண்ணும் அறுத்துக் கிடக்கும் அந்தப் பொட்டலில் காலால் கிளறினால் கடல் சிப்பி. சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இங்கே கடல் இருந்தது. 1862இல் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் இந்தப் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார். உலகத்தின் நிலவியல் புத்தகங்களில் ஊட்டத்தூர் ஒரு காலத்தின் பெயர். அங்கே வெங்காயம் ஆயும் பெண்ணுக்கு அது சொல்லப்பட்டதில்லை. மானிடவியலாளன் தான் ஆராய்கிறவனைத் தன் காலத்துக்குள் அனுமதிப்பதில்லை, அவனைப் பழைய காலத்தில் நிறுத்திவைத்தே எழுதுகிறான் என்று யொஹான்னஸ் ஃபேபியன் 1983இல் குற்றம் சாட்டினார். பாறைக்குக் காலம் உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, ஷிஃப்டுக்கு உண்டு. இவளை மட்டும் ‘இன்னும் அந்தக் காலத்துலயே இருக்காங்க’ என்று சொல்லிவிடலாம்.

ஆங்கில வகுப்பில் எல்லோரும் படித்த வாக்கியம் ஒன்று உண்டு. டாக்டர் வருவதற்கு முன்பே செத்துப்போயிருக்கும் நோயாளி. ‘ஹேட்’ எங்கே வரும் என்று காட்டுவதற்காக அவன் தலைமுறை தலைமுறையாகச் செத்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தார் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை. இலக்கணம் முன்னது எது, பின்னது எது என்று சொல்லும். காத்திருக்க வைத்தது யார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

அப்பாயி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. கடைசி நாட்களில் அவளைப் பார்க்கப் போனபோதெல்லாம் கிளம்பும் அவசரத்தில் ‘டைம் ஆச்சு அப்பாயி’ என்பேன். ஒருநாள் கேட்டாள்: ‘யாருக்குடா டைம் ஆச்சு? ஒனக்கா, எனக்கா?’ அன்றைக்குச் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். கேள்வி இன்னும் நிறுத்தத்திலேயே நிற்கிறது.